இடிப்பதா, வைப்பதா? ஏற்காட்டில் ஒரு பழைய வீடு

ஏற்காடு என்றதும் எல்லோருக்கும் ஏரியும் படகும்தான் ஞாபகத்துக்கு வரும். சேலத்தில் காலையில் பஸ் ஏறி, ஏரியில் ஒரு சுற்றுப் போய், லேடீஸ் ஸீட்டில் நின்று கீழே சேலம் நகரத்தைப் பார்த்து, சுடச்சுட மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டுவிட்டுச் சாயங்காலம் இறங்கி விடுகிறார்கள். அதில் ஒன்றும் தப்பில்லை. ஆனால் ஏரிக்கரையைத் தாண்டி நாகலூர்ப் பக்கம் கொஞ்ச தூரம் போனால் வேறோர் ஏற்காடு இருக்கிறது. இரண்டு பக்கமும் காப்பிச் செடி, அதற்கு நிழலாக சில்வர் ஓக் மரங்கள், மரத்தைச் சுற்றிக்கொண்டு மிளகுக் கொடி, நடுநடுவே பாசி படிந்த ஓட்டு வீடுகள். அந்த ஓட்டு வீடுகளில் ஒன்று எங்களுடையது. அதை இடிப்பதா, வைப்பதா என்று எங்கள் குடும்பம் ஒரு வருஷம் யோசித்த கதையைத்தான் எழுதுகிறேன். மலையிலோ கிராமத்திலோ பழைய வீடு வைத்துக்கொண்டு இதே கேள்வியோடு தவிக்கும் சகோதரிகள் நிறையப் பேர் இருப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

முதலில் மலைக்குப் போவோம். சேலத்திலிருந்து ஏற்காடு 30 கிலோமீட்டர் சொச்சம். அடிவாரம் தாண்டியதும் கொண்டை ஊசி வளைவுகள் ஆரம்பம், மொத்தம் 20. ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டிருக்கும். எண்ணிக்கொண்டே போனால் பிள்ளைகளுக்கு வாந்தி ஞாபகம் வராது. பெரியவர்கள் வெறும் வயிற்றோடு ஏறக்கூடாது. இரண்டு இட்டிலியோடு நிறுத்திக்கொண்டு, கையில் ஓர் எலுமிச்சம்பழம் வைத்து முகர்ந்துகொண்டு, முன் ஸீட்டில் உட்கார்ந்தால் தலைசுற்றல் குறையும். பாதி மலை ஏறியதுமே காற்று மாறிவிடும். கீழே புடவை உடம்போடு ஒட்டிக்கொண்டிருந்தது, மேலே போனதும் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொள்ளத் தோன்றும். ஊர் சுமார் 5,000 அடி உயரத்தில் இருக்கிறது.

இந்த மலையில் காப்பி வந்து இருநூறு வருஷம் ஆகிறது. 1820-களில் சேலத்தில் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்ற வெள்ளைக்காரர்தான் இங்கே காப்பியைக் கொண்டுவந்து பயிர் செய்தார் என்பார்கள். அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே மலையாளிகள் என்று சொல்லப்படும் மலைவாழ் மக்கள் இங்கே சாமையும் ராகியும் விதைத்து வாழ்ந்து வருகிறார்கள். சேர்வராயன் கோயில் அவர்களுடையது. குகைக்குள் சேர்வராயரும் காவேரி அம்மனும் இருக்கிறார்கள். மே மாதத்தில் திருவிழா நடக்கும். அந்தச் சமயம் போகிறவர்கள் இதையும் பார்க்காமல் வராதீர்கள். மார்ச், ஏப்ரலில் ஒரு மழை பெய்யும். அதற்குப் பூ மழை என்று பேர். அது பெய்த எட்டாம் நாள், பத்தாம் நாள் மலை முழுக்கக் காப்பிச் செடி வெள்ளை வெளேரென்று பூத்து, மல்லிகை போல மணக்கும். ஏரியைவிட எனக்கு அதுதான் பெரிய காட்சி.

எங்களுக்கு அங்கே இரண்டு ஏக்கர் காப்பித் தோட்டம். என் கணவரின் தாத்தா வாங்கியது. அதன் நடுவில் சரிவை வெட்டி ஒரு சின்ன வீடு கட்டியிருந்தார். ஒரு கூடம், இரண்டு அறை, முன்னால் திண்ணை, பின்பக்கம் ஒட்டினாற்போல அடுப்படி. சுவர் கருங்கல்லும் மண் சாந்தும். ஒன்றரை அடி கனம். மேலே மங்களூர் ஓடு. மங்களூரில் பாசல் மிஷன்காரர்கள் 1865-ல் முதல் ஓட்டுத் தொழிற்சாலை ஆரம்பித்தார்கள். பிறகு கேரளக் கரை முழுக்க அந்தத் தொழில் பரவிவிட்டது. எங்கள் வீட்டு ஓட்டைப் புரட்டிப் பார்த்தால் அடியில் ஃபரோக் என்று முத்திரை இருக்கும். கோழிக்கோடு பக்கத்திலிருந்து ரயிலிலும் வண்டியிலும் வந்து, கடைசியில் ஆள் தலையில் ஏறி வந்த ஓடு அது. நிலை, கதவு எல்லாம் அந்தத் தோட்டத்திலேயே நின்ற பலா மரத்தில் இழைத்தது.

என் மாமியார் கல்யாணமாகி அந்த வீட்டுக்குத்தான் வந்தார். பிள்ளைகள் படிப்புக்காகச் சேலத்தில் வீடு பிடித்த பிறகும், நவம்பரிலிருந்து ஜனவரி வரை காப்பிப் பழம் பறிக்கிற காலமெல்லாம் மாமனாரும் அவரும் மேலேதான் இருப்பார்கள். 2019-ல் மாமனார் காலமானார். அதற்குப் பிறகு மாமியாருக்குச் சேலத்து வெயிலும் தெருச் சத்தமும் பிடிக்கவில்லை. "கண்ணு, எனக்கு எழுவத்தாறு வயசு ஆச்சு. இருக்கிற கொஞ்ச நாளு மேலேயே இருந்துட்டுப் போயிடறேனே" என்று என்னிடம்தான் சொன்னார். மகன்களிடம் சொல்லவில்லை.

ஆனால் வீடு அந்த நிலையில் இல்லை. மூன்று வருஷம் சரியாகப் பூட்டித் திறக்காமல் கிடந்ததில் பத்துப் பதினைந்து ஓடு உடைந்து, உத்தரத்தில் தண்ணீர் வழிந்து கறுத்திருந்தது. பின் அறையில் தரையிலிருந்து மூன்றடி உயரம் வரை சுவர் ஈரம். பூச்சு பொருபொருவென்று உதிர்ந்து, மூலையில் கறுப்புப் பூஞ்சணம். அடுப்படியில் ஒரு சுவர் வெடித்திருந்தது. மாமியாருக்கு ஏற்கெனவே இளைப்பு உண்டு. 2021 டிசம்பரில் பிடிவாதமாக நான்கு நாள் மேலே தங்கினார். நாலாம் நாள் ராத்திரி மூச்சு விட முடியாமல் திணறி, வாடகைக் கார் பிடித்து அந்த 20 வளைவையும் இருட்டில் இறங்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, "படுக்கிற அறையிலே சுவர் ஈரமா இருக்கா?" பூஞ்சணம் காற்றில் கலக்கும்போது இளைப்பு உள்ளவர்களுக்கு அது அதிகமாகும் என்று விளக்கினார். சுவரைச் சரி பண்ணாமல் மறுபடி அங்கே படுக்க வைக்கக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அப்போதுதான் பேச்சு ஆரம்பித்தது. என் கணவரும் கொழுந்தனாரும் ஒரே கட்சி: இடித்துவிடுவோம். அதே இடத்தில் கான்கிரீட்டில் மாடியோடு கட்டி, மாடியை ஹோம் ஸ்டே மாதிரி வாடகைக்கு விட்டால் கடனையும் அடைத்துவிடலாம் என்பது கணக்கு. கொழுந்தனாரின் நண்பர் மகன் இன்ஜினீயர். வந்து பார்த்து, டேப் பிடித்து அளந்து, கம்ப்யூட்டரில் படமே போட்டுக் காட்டினான். கீழே ஒன்று, மேலே ஒன்றாகச் சேர்ந்து 1,100 சதுர அடி. "ஆன்ட்டி, மண் சாந்துச் சுவர்லே போடற காசு வேஸ்ட். நாளைக்கு ஒரு பெரிய அதிர்வு வந்தா கல்லு கல்லா உதிரும்" என்றான். அவன் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. மண் சாந்தில் அடுக்கிய கல் சுவருக்கு மேலே கட்டிப் பிடிக்க ஒன்றும் இல்லையென்றால் ஆபத்துதான். எஸ்டிமேட் 29 லட்சம். எங்கள் கையில் இருந்தது 6 லட்சம். மகள் அடுத்த வருஷம் காலேஜுக்குப் போக வேண்டும். அதற்கென்று சீட்டுக் கட்டி வைத்திருந்த பணம் தனி. பாக்கிக்கு பாங்கில் கடன் வாங்குவது என்றால், என் கணவர் ரிட்டையர் ஆன பிறகும் ஐந்து வருஷம் தவணை கட்ட வேண்டிவரும்.

எனக்கு இதில் வாய் திறக்க உரிமை உண்டா என்று முதலில் தயக்கமாக இருந்தது. ஆனால் அங்கே போய் மாமியாரோடு இருக்கப் போகிறவள் நான். மாதாமாதம் தவணை போக மீதியில் குடும்பம் நடத்தப் போகிறவளும் நான். "இன்னொருத்தரையும் கூப்பிட்டுக் காட்டிட்டு முடிவு பண்ணலாமே" என்றேன். "யாரை?" என்றார் இவர். மலையிலேயே பிறந்து வளர்ந்த ஒரு மேஸ்திரியைச் சொன்னேன். பக்கத்துத் தோட்டங்களில் பழைய வீடுகளைப் பழுது பார்ப்பவர், அறுபது வயதுக்காரர்.

அவர் 2022 ஜூனில் வந்தார். வந்தவர் வீட்டுக்குள் நுழையவே இல்லை. முதலில் வீட்டைச் சுற்றி இரண்டு தடவை நடந்தார். பின்பக்கம் போய்க் கொஞ்ச நேரம் நின்றார். "இங்கே மண்ணு ஏறியிருக்குதுங்கம்மா" என்றார். மேட்டுப் பக்கத்து மண் வருஷாவருஷம் மழையில் கரைந்து வந்து, பின் சுவரை ஒட்டி இரண்டடி உயரத்துக்குக் குவிந்திருந்தது. உள்ளே தரைமட்டம் கீழே, வெளியே மண் மேலே. மழைத் தண்ணீர் முழுக்க அந்த மண்ணில் ஊறிச் சுவருக்குள் இறங்குகிறது. அதற்கு மேல் இன்னொரு கோளாறு: 1994-ல் ஒரு கான்ட்ராக்டர் சுவரின் கீழ்ப்பாகம் முழுக்க, உள்ளேயும் வெளியேயும் சிமெண்ட் பூசிவிட்டுப் போயிருக்கிறார். மண்ணும் சுண்ணாம்பும் பூசின சுவர் ஈரத்தை வாங்கினாலும் வெயில் அடித்ததும் வெளியே விட்டுவிடும். சிமெண்ட் பூச்சு அதை விடாது. "மழைக் கோட்டைப் போட்டுக்கிட்டு வேர்த்த மாதிரிங்க. உள்ளேயே நிக்குது" என்றார் மேஸ்திரி. எனக்கு உடனே புரிந்துவிட்டது!

பிறகு தூக்குக் குண்டை எடுத்தார். ஒவ்வொரு சுவராக, மேலிருந்து நூலைத் தொங்கவிட்டுக் கீழே அளந்தார். கூடத்துச் சுவர் ஒன்பதடி உயரத்துக்கு அரை அங்குலம்கூடச் சாயவில்லை. மூலைகளில் சுவரின் இரண்டு முகத்தையும் சேர்த்துப் பிடிக்கும் நீளக் கற்களை வைத்துத்தான் கட்டியிருக்கிறார்கள் என்று தட்டிக் காட்டினார். அடுப்படிச் சுவர் வேறு கதை. அது பிற்காலத்தில் ஒட்டுக் கட்டியது. அஸ்திவாரம் ஒரு அடிகூட இல்லை. நடுவில் இரண்டு அங்குலம் பிதுங்கியிருந்தது. "இது வயிறு தள்ளிப் போச்சு. இதுக்கு வைத்தியம் கிடையாது" என்றார். வெடிப்பு இருந்த இடங்களில் குறுக்கே சின்னக் கண்ணாடித் துண்டுகளை இரண்டு முனையிலும் சிமெண்டு வைத்து ஒட்டி, தேதி எழுதினார். கண்ணாடி உடைந்தால் சுவர் இன்னும் நகருகிறது என்று அர்த்தம். உடையாவிட்டால் அது பழைய வெடிப்பு, நின்றுவிட்டது. ஆசாரி ஒருவர் ஏணி வைத்து ஏறி, உத்தரம், கைமரம் எல்லாவற்றையும் சுத்தியலால் தட்டியும் திருப்புளியால் குத்தியும் பார்த்தார். நல்ல மரம் கணீரென்று கேட்கும். கரையான் தின்றது பொத்தென்று கேட்கும். பதினெட்டுக் கைமரத்தில் ஐந்து போய்விட்டது. உத்தரம் கறுத்திருந்ததே தவிர உள்ளே உறுதி.

இதையெல்லாம் பேப்பரில் எழுதிக் கொண்டுவந்து சேலத்தில் காட்டினேன். இவர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. "ஒரு மழைக்காலம் பார்ப்போம். கண்ணாடி என்ன சொல்லுதுன்னு பார்த்துட்டுப் பேசலாம்" என்றார். அது எனக்கும் சரியென்று பட்டது.

2022 அக்டோபரில் நல்ல மழை பிடித்திருந்த சமயம், நானும் இவரும் இரண்டு ராத்திரி அங்கே தங்கினோம். மாமியாரைக் கூட்டிப் போகவில்லை. மலையில் மழை என்றால் சமவெளி மழை போல அல்ல. முதலில் மேகம் வாசற்படி வரை வந்து உட்காரும். பத்தடி தள்ளி நிற்கிற காப்பிச் செடி மறைந்துவிடும். பிறகு ஓட்டின் மேல் சடசடவென்று ஆரம்பித்தால் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காது. டார்ச்சும் கரித்துண்டும் வைத்துக்கொண்டு, எங்கே ஒழுகுகிறதோ அதற்கு நேர் கீழே தரையில் வட்டம் போட்டோம். மொத்தம் பதினோரு வட்டம். எல்லாமே உடைந்த ஓட்டுக்கும் முகட்டு ஓட்டுக்கும் கீழேதான். வேறெங்கும் ஒரு சொட்டு இல்லை. சுவரில் ஓர் அடி சதுர பிளாஸ்டிக் காகிதத்தை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டியும் பார்த்தோம். இரண்டு நாள் கழித்துப் பிரித்ததில் பின் சுவரில் காகிதத்தின் உள்பக்கம் ஈரம். அதாவது சுவருக்குள்ளிருந்து வருகிறது. மற்ற மூன்று சுவரிலும் காகிதம் காய்ந்தே இருந்தது. கண்ணாடித் துண்டுகளோ, கூடத்தில் இருந்த இரண்டும் அப்படியே இருந்தன. அடுப்படியில் இருந்தது நடுவில் விரிந்து உடைந்திருந்தது. இவர் அதைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்போ, வீடே கெட்டுப் போகலே. ஒரு சுவரும் ஒரு அடுப்படியும்தான் கெட்டுப் போயிருக்கு" என்றார். அந்த வார்த்தையைத்தான் நான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் மழை விட்டதும் பக்கத்துத் தோட்டத்தில் ஒரு வீட்டைப் பார்க்கப் போனோம். அவர்களும் பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டுச் சமீபத்தில் கான்கிரீட்டில் கட்டியவர்கள். வீடு அழகாக, வெளிச்சமாகத்தான் இருந்தது. அந்த அம்மா காப்பி கொடுத்துக்கொண்டே, "குளிர்காலத்திலே காலையிலே மேல்தளம் வேர்த்துச் சொட்டுதுங்க. மெத்தையெல்லாம் நனைஞ்சு போவுது" என்று குறைப்பட்டுக்கொண்டார். குளிர்ந்த கான்கிரீட்டில் உள்காற்றின் ஈரம் பட்டுத் தண்ணீராக மாறுவதுதான் அது. மேலே ஓட்டுக்கூரை போட்டால் குறையும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்களாம். கான்கிரீட் கெட்டது என்று சொல்ல வரவில்லை. சமவெளிக் கட்டடத்தை அப்படியே மலைக்குத் தூக்கி வந்தால் மலைக்காற்று ஏற்றுக்கொள்வதில்லை, அவ்வளவுதான்.

இன்னும் சில கணக்குகள் எஸ்டிமேட்டில் வராது. எங்கள் தோட்டத்துக்கு லாரி வருகிற ரோடு முந்நூறு மீட்டர் தள்ளி நின்றுவிடுகிறது. சிமெண்ட், எம் சாண்ட், கம்பி, ஜல்லி எல்லாம் அங்கிருந்து தலைச்சுமைதான். இடித்த கல்லும் மண்ணும் எங்கே போகும்? சரிவில் தள்ளினால் கீழே காப்பிச் செடியும் அதற்குக் கீழே ஓடையும் மூடிப்போகும். மாடி வீட்டுக்கு இடம் போதாது. இன்னும் மலையை வெட்ட வேண்டும், மூன்று மரங்களை எடுக்க வேண்டும். மலைப் பகுதியில் கட்டவும், மண்ணை வெட்டிச் சமன் செய்யவும் தனிக் கட்டுப்பாடுகள் இருக்கின்றன. மரங்களுக்கென்றே 1955-ல் போட்ட மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் ஒன்று இருக்கிறது. இவையெல்லாம் நம்மைத் தொந்தரவு செய்வதற்காகப் போட்டவை அல்ல. வெட்டின மலை மழையில் சரியும் என்பதை மலையில் இருக்கிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

தீபாவளி முடிந்ததும் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்தோம். நான், இவர், கொழுந்தனார், என் ஓரகத்தி, நடுவில் மாமியார். இவர் பேப்பரைப் படித்தார்: ஓடு பிரித்து அடுக்குவது, ஐந்து கைமரம், பின்பக்க மண்ணை வெட்டி வாய்க்கால், சிமெண்ட் பூச்சை உதிர்த்துச் சுண்ணாம்புப் பூச்சு, இப்படி. கொழுந்தனாருக்கு ஹோம் ஸ்டே போகிறதே என்ற வருத்தம் முகத்திலேயே தெரிந்தது. "அம்மாவுக்கு அந்த வீட்டை ஒரு கல்லுகூட அசைக்க மனசு வராது. அதனாலதான் அண்ணி இப்படிச் சொல்றாங்க" என்றார்.

மாமியார் அதுவரை வாயே திறக்கவில்லை. நிமிர்ந்து பார்த்து, "யாரு சொன்னா? அந்த அடுப்படியை மொதல்ல இடிங்கடா" என்றார்! எல்லோரும் திகைத்துப் போனோம். "இருவத்தஞ்சு வருசம் அந்தப் புகையிலே வெந்திருக்கேன். பழம் பறிக்க வர்ற முப்பது பேருக்குக் களி கிண்டியிருக்கேன். ஒரு ஜன்னல் வெச்சுக் குடுங்கன்னு உங்கப்பாகிட்டே கேட்டுக் கேட்டு ஓஞ்சு போனேன். எனக்கு வேணுங்கிறது அந்தத் திண்ணையும் கூடமும்தான். அடுப்படி வேணாம்." அந்தப் புகைதான் இளைப்புக்கு ஆரம்பமோ என்னவோ என்று என் ஓரகத்தி மெதுவாகச் சொன்னாள். கொழுந்தனார் தலையைக் குனிந்துகொண்டார். அதற்கு மேல் யாருக்கும் வாதம் இல்லை. வீடு எப்போதும் இரண்டு மகன்களுக்கும் சமம், பழுதுச் செலவில் யார் எவ்வளவு போட்டார்கள் என்பதையும் எழுதி வைப்பது என்று அன்றைக்கே ஒரு காகிதத்தில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். இது முக்கியம். பின்னால் மனஸ்தாபம் வராது.

காப்பிப் பறிப்பு முடிந்து 2023 ஜனவரி கடைசியில் வேலை ஆரம்பித்து ஏப்ரலில் முடித்தோம். முதலில் வீட்டுக்குள் கை வைக்காமல் பின்பக்க மண்ணைத்தான் வெட்டி எடுத்தோம். சுவரிலிருந்து மூன்றடி தள்ளி ஒரு தாங்கு சுவர், நடுவில் ஜல்லி நிரப்பின வாய்க்கால். தண்ணீர் இப்போது வீட்டைச் சுற்றிக்கொண்டு ஓடைக்குப் போய்விடுகிறது. அடுப்படி இடித்த கல்லே தாங்கு சுவருக்குப் போதுமானதாக இருந்தது. அடுப்படிக் கூரை ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். அதை உடைத்தால் வருகிற தூள் நுரையீரலுக்கு மிகக் கெடுதல். அதனால் தண்ணீர் தெளித்து நனைத்து, மூக்கை நல்ல முகமூடியால் மூடிக்கொண்டு, உடைக்காமல் முழுசு முழுசாக இறக்கச் சொன்னோம். மாமியாரை அந்தப் பக்கமே விடவில்லை.

சுண்ணாம்புப் பூச்சு தெரிந்த ஆட்கள் இப்போது குறைவு. மேஸ்திரியே கூட இருந்து செய்தார். சுண்ணாம்பைத் தண்ணீரில் ஊறவைத்து நாள் கணக்கில் விட்டு, கடுக்காயும் வெல்லமும் ஊறின தண்ணீர் சேர்த்துக் கலந்தார்கள். சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றும்போது கொதித்துத் தெறிக்கும். கண்ணில் பட்டால் பார்வையே போய்விடும். பிள்ளைகளைக் கிட்டே விடாதீர்கள். சுவர் மேலே, கூரைக்குக் கீழே, கம்பி வைத்து நாலு பக்கமும் சுற்றி ஒரு கான்கிரீட் பட்டை போட்டோம். இன்ஜினீயர் பையன் சொன்ன அதிர்வு பயத்துக்கு அது பதில். அவனே வந்து நின்று போட்டுக் கொடுத்தான். காசும் வாங்கவில்லை.

புது அடுப்படி செங்கல்லில், நல்ல அஸ்திவாரத்தில், மேலே ஓடு. கிழக்கே பார்த்து நாலடி ஜன்னல். அதை ஒட்டி உள்ளேயிருந்தே போகிற மாதிரி ஒரு கழிப்பறை. உட்காரும் தொட்டி, பிடித்துக்கொள்ளக் கைப்பிடி, வழுக்காத தரை. வயதானவர்கள் ராத்திரியில் மழையில் வெளியே போய் விழுந்தால், வீடு எவ்வளவு உறுதியாக இருந்து என்ன பயன்? மொத்தச் செலவு 8 லட்சத்து 40 ஆயிரம். கையில் இருந்த 6 லட்சத்தோடு கொழுந்தனார் பங்கும் சேர்ந்தது. பாங்கு வாசற்படி ஏறவில்லை. மகளின் சீட்டுப் பணத்தைத் தொடவில்லை.

எல்லாம் சொர்க்கமாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். பின் சுவர் காய ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அடைமழை நாளில் அந்த மூலையைத் தொட்டால் இன்னும் சில்லென்றுதான் இருக்கிறது. அதனால் மாமியாரின் கட்டிலை முன் அறையில், சுவரிலிருந்து ஓர் அடி தள்ளிப் போட்டிருக்கிறோம். ஈரத்துணியை வீட்டுக்குள் காயப்போடுவதில்லை. வெயில் அடித்தால் ஜன்னல்களைத் திறந்துவிட்டுக் கம்பளிகளைக் காப்பிக் களத்தில் காயவைப்போம். இன்ஹேலர் இன்னும் தலைமாட்டில்தான் இருக்கிறது. ஆனால் 2023-லும் 2024-லும் மழைக்காலத்தில் ஒரு தடவைகூட இருட்டில் மலை இறங்க நேரவில்லை. கொழுந்தனாரும் சும்மா இருக்கவில்லை. விடுமுறைக்குத் தெரிந்த குடும்பங்கள் வந்து தங்கட்டும் என்று பின் அறையைச் சுத்தம் செய்யச் சொல்லியிருக்கிறார். "வரட்டும். ஆனா எனக்கு முன்னாடி திண்ணையிலே யாரும் உக்காரப்படாது" என்கிறார் மாமியார்.

பழைய வீடு வைத்திருக்கிற சகோதரிகளுக்கு நான் சொல்வது இதுதான். "இடிப்பதா, வைப்பதா" என்று மொத்தமாக ஒரு கேள்வி கேட்காதீர்கள். சுவர் சுவராக, மரம் மரமாகக் கேளுங்கள். ஒரு மழைக்காலம் அங்கே தங்கி, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று பாருங்கள். வெடிப்பின் மேல் கண்ணாடி ஒட்டித் தேதி எழுதுங்கள். புதுசாகக் கட்டுகிறவரை ஒருவரும் பழசைப் பழுது பார்க்கிறவரை ஒருவருமாக இரண்டு பேரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். பழுதானாலும் உள்ளூர் ஆபீஸில் அனுமதி விஷயத்தை விசாரித்துக்கொள்ளுங்கள். அஸ்திவாரமே இறங்கியிருந்தால், கண்ணாடிகள் எல்லாம் உடைந்திருந்தால், பாசம் பார்க்காமல் இடித்துவிடுங்கள். விழப்போகிற கூரையின் கீழே யாரும் படுக்கக்கூடாது. எல்லாவற்றுக்கும் முன்னால், அந்த வீட்டில் இருக்கப் போகிறவர்களைக் கேளுங்கள். எது வேண்டும் என்று மட்டும் கேட்டால் போதாது, எது வேண்டாம் என்றும் கேளுங்கள். நமக்குத் தெரியாத புகையெல்லாம் அவர்கள் மனசில் இருக்கும்.